சீனன்குடாவின் சரித்திரத்தை எழுதுவார் யார்?

விமானம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. கருவறையின்மேல் எழுந்து நிற்கும் கட்டடத்தையும் விமானம் என்றோம். வானவர் ஊர்ந்து செல்வதையும் விமானம் என்றோம். புட்பக விமானம் ஏறித் திரிந்த இராவணன் பெயரால் நமது கோணமாமலையில் ஒரு வெட்டே உளது. சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவி விசயையைக் காக்கும் பொருட்டு மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதிலே அவளை ஏற்றி அனுப்புகின்றான். இப்பகுதியைப் படிப்பிக்குந்தோறும் வகுப்பிலே மாணாக்கர் முகம் மலரும். "ஆகாய விமானத்தை முதலிற் கண்டவர் நம்மவரே" என்று எவனாவது ஒருவன் பெருமிதத்தோடு எழுந்து சொல்லுவான். ஆயின் அம்மயிற்பொறி எங்கே இறங்கிற்று என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. அது சுடுகாட்டில் இறங்கிற்று. திருத்தக்கதேவர் பறந்த பொறியின் சிறப்பைப் பாடியதோடு அமையவில்லை. அது இறங்கிய நிலத்தையும், அந்நிலத்திலே ஒரு தாய் தனித்துப் பட்ட பாட்டையும் பாடினார்.

ஒரு நாட்டு விமானப்படையின் சரித்திரமும் அவ்வாறே எழுதப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். மேலே பறந்தவை எவை என்று மாத்திரம் எழுதினால் அது பட்டியல். கீழே இருந்தோர் யாவர், அவர் என்ன கண்டார், என்ன கேட்டார், என்ன இழந்தார் என்பதையுஞ் சேர்த்து எழுதினாற்றான் அது சரித்திரம். யான் போர்த்தொழில் அறிந்தவனல்லன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். எனினும் சீனன்குடா ஓடுபாதையின் ஓசை கேட்டு வளர்ந்த ஊரவன் என்ற முறையிலும், சொற்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையிலும், இவ்விழா மலரிலே பழைய மாணவர் முன் இதனை வைக்கத் துணிகின்றேன்.

முதலிலே, மேலிருந்து எழுதப்பட்ட சரித்திரத்தைச் சுருங்கப் பார்ப்போம். அதன் பெருமையை மறுப்பது நம் நோக்கமன்று.

1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா என்னும் நீர்விமானத்திலே சென்ற கனடா நாட்டு விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வரும் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அச்செய்தி முற்றாகச் சென்று சேருமுன்னரே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, அவர் சிறைப்பட்டார். மறுநாள், ஈஸ்ரர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9ஆம் நாட் காலை திருகோணமலையின் முறை வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடாத் தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. தளத்திலிருந்து எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்களுள் எட்டு வீழ்ந்தன. துறைமுகத்திலே சகாயிங் என்னும் கப்பல் தீப்பற்றி அழிந்தது. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றியெரிந்தது. தாக்குதலுக்கஞ்சி முதனாள் இரவே நம் துறையை விட்டு நீங்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட, 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் அதுவேயாம். இன்றும் அது அக்கடலடியிற் கிடக்கின்றது.

இரண்டாண்டு கழித்து, 1944 ஓகஸ்ட் 10ஆம் நாள், இதே சீனன்குடாவிலிருந்து அமெரிக்கரின் பி-29 என்னும் பெருங் குண்டுவீச்சு விமானங்கள் 54 எழுந்து, சுமாத்திராத் தீவின் பலெம்பாங் எண்ணெயாலையைத் தாக்கச் சென்றன. போக்கும் வரவுமாக ஏறத்தாழ 4,000 மைல். அவ்வகை விமானங்கள் அப்போரிலே ஒரே மூச்சிற் பறந்த மிக நீண்ட தாக்குதற் பயணம் அதுவாகும். அவற்றின் பாரந் தாங்கும்படி நம் ஊர் ஓடுபாதை நீட்டப்பட்டது. உலகப் படத்திலே புள்ளியாயிருந்த ஊர் ஓரிரவு உலகப்போரின் வாயிலாயிற்று.

சுதந்திரத்தின் பின்னர் 1951 மார்ச் 2ஆம் நாள் அரச இலங்கை விமானப்படை தோன்றிற்று. அதன் முதற் தளபதி கிரகம் பிளாடன் என்னும் ஆங்கிலேயர். 1962இலே றொஹான் அமரசேகர முதலாவது இலங்கைத் தளபதியானார். தொடக்கத்தில் அப்படையிடம் இருந்த விமானங்களின் பெயர்களைக் கவனித்தால் ஆசிரியனாகிய எனக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாகின்றது. ஒக்ஸ்போட் என்று ஒன்று. அது பல்கலைக்கழகத்தின் பெயர். பலியோல் என்று ஒன்று. அது அப்பல்கலைக்கழகத்துக் கல்லூரி ஒன்றின் பெயர். 1959இலே வந்த 12 ஜெட் விமானங்களுக்குப் புரொவோஸ்ட் என்று பெயர். கல்லூரித் தலைவரைக் குறிக்குஞ் சொல் அது. பயிற்சி விமானங்களுக்குக் கல்விச்சாலையோடு தொடர்புடைய பெயர்களை இடுதல் ஆங்கிலேயர் வழக்காயிருந்தது. எஞ்சிய சிப்மங்க் என்னும் பயிற்சி விமானமோ அணிலினத்துச் சிறு பிராணியொன்றின் பெயர் கொண்டது. ஆகவே கல்லூரியும் அணிலுமாகப் பிறந்தது நம் நாட்டு விமானப்படை. சிங்களவரோடு தமிழரும் பறங்கியரும் முஸ்லிம்களும் ஒருங்கு பணிபுரிந்த காலம் அது.

1957ஆம் ஆண்டிலே, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமராயிருந்தபோது, பிரித்தானியரிடமிருந்து திருகோணமலைக் கடற்படைத் தளமும் நாட்டின் விமானத்தளங்களும் இலங்கையின் கைக்கு வந்தன. 1971 ஏப்ரலிலே தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது, களஞ்சியத்திற் கிடந்த ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் மீண்டுஞ் சீர்செய்யப்பட்டுப் போருக்குச் சென்றன. கல்லூரித் தலைவரின் பெயர் தாங்கிய விமானம், கல்லூரி செல்லும் வயதினர் மீது குண்டெறியச் சென்றது. விமானப்படை தன் நாட்டு நிலத்தின் மீது, தன் நாட்டு மக்களை நோக்கிப் போரிட்ட முதற் சந்தர்ப்பம் அஃதென்பதை நாம் மறத்தலாகாது. இக்கதை தமிழர் கதையாகத் தொடங்கவில்லை.

அதன் பின்னர்ச் சோவியத் நாட்டிலிருந்து மிக்-17 ஜெட் விமானங்கள் வந்தன. 1972இலே நாடு குடியரசாகப் படையின் பெயரும் இலங்கை விமானப்படை என்றாயிற்று. கையிற் பணமின்மையால் அப்படையின் ஹெலிகொப்டர்கள் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் சென்ற காலமும் அவ்வெழுபதுகளில் இருந்தது. பின்னர் வந்தது உள்நாட்டுப் போர். 1991இலே சீனத்து எப்-7, 1993இலே ஆர்ஜென்ரீனத்துப் புக்காரா, 1996இலே இஸ்ரவேலரின் கிபிர், 2000ஆம் ஆண்டிலே உக்ரெயினிலிருந்து மிக்-27 என வரிசை நீண்டது. கிபிர் என்பது எபிரேய மொழியிலே சிங்கக்குட்டியைக் குறிக்கும். கல்லூரிப் பெயர்கள் போயின. விலங்கின் பெயர் வந்தது.

இவையெல்லாம் எழுதப்பட்டவை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அழகிய படங்களோடு நூல்கள் உள. இனி எழுதப்படாத பகுதிக்கு வருவோம்.

படையினர் தம் விமானங்களுக்கு வைத்த பெயரொன்று. நிலத்திலிருந்த மக்கள் வைத்த பெயர் வேறொன்று. சரக்கேற்றும் விமானம் மெல்ல ஊர்ந்து வந்து குண்டுகளைத் தள்ளிவிட்டுப் போனபோது, அதன் உருளோசையைக் கேட்ட மக்கள் அதனைச் 'சகடை' என்றனர். சகடை என்பது வண்டி. நம் பழந்தமிழ்ச் சொல். எந்தப் பண்டிதருஞ் சொல்லிக் கொடுக்காமலே, பதுங்குகுழியிற் குந்தியிருந்த ஒரு கிழவியோ சிறுவனோ அச்சொல்லை அவ்விமானத்துக்குச் சூட்டியிருத்தல் வேண்டும். குண்டுவீச்சு விமானம் 'பொம்மர்' ஆயிற்று. ஆளில்லாமல் மேலே நின்று வேவு பார்த்த விமானம் இரைச்சலால் 'வண்டு' ஆயிற்று. 'வண்டு சுற்றுகிறது' என்றால் சிறிது நேரத்தில் எறிகணையோ குண்டோ வரும் என்று பொருள். சங்கப் பாட்டிலே தேனுண்ணும் வண்டைப் படிப்பிக்கும்போது, வன்னியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பிள்ளை அச்சொல்லைக் கேட்டு வேறெதையோ நினைக்குமாயின், அவ்வேறுபொருளும் தமிழன்றோ? அதற்கு எந்த அகராதியில் இடந் தந்தோம்? கிபிர் என்பதோ பொருள் தெரியாமலே பொருள் கொண்ட சொல். அச்சொல்லைக் கேட்டுச் சிங்கக்குட்டியை நினைத்தவர் எவருமிலர்.

பெயர்கள் மட்டுமல்ல, நாட்களும் உள. 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலியிலே புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது குண்டுகள் வீழ, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள் நாகர்கோவிற் பாடசாலையருகே குண்டுகள் வீழ, சீருடையிலிருந்த பிள்ளைகள் மடிந்தனர். இவை வடக்கின் நிகழ்ச்சிகள் என்று ஒதுக்குவாரும் உளர். நம் மாவட்டத்தையே நோக்குக. 2006 ஏப்ரல் 25ஆம் நாள், கொழும்பிலே இராணுவத் தலைமையகத்தில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலின் பின்னர், கொட்டியாரக்குடாவுக்கு அப்பாலுள்ள சம்பூர்ப் பகுதி மீது விமானங்கள் குண்டெறிந்தன. இப்பக்கத்துக் கரையில் நின்றோர் அப்பக்கத்துப் புகையைக் கண்டனர். சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே தம் நிலத்துக்குத் திரும்பினர். அன்று அங்கிருந்து ஓடிய பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்கள் கண்டதை எழுதி வைத்திருப்பார் யார்?

நிலாவெளி வீதியிலே இரண்டாம் உலகப்போரில் மாண்டோருக்கான மயானம் ஒன்றுண்டு. புல் வெட்டி, கல் கழுவி, ஒழுங்காகப் பேணுகின்றனர். பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்து மாண்ட வாலிபனின் பெயரும் வயதும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. அது செய்யத்தக்கதே, யான் குறைகூறவில்லை. ஆயின் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் அவர்களோடு ஒரே குண்டுக்கு இலக்காகி நின்ற நம்மூர்த் துறைமுகக் கூலியாள், வெள்ளைமணலின் மீனவர், உயிருக்கஞ்சிக் காட்டுக்கு ஓடிய ஊரவர், இவர்கள் பெயரை எந்தக் கல்லிற் காண்போம்? 'யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்' என்று மூத்தோர் காலங் குறித்துப் பேசிய பேச்சு ஒன்றே அவர்களுக்கு எஞ்சிய கல்வெட்டு. அப்போது பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். அப்பேச்சும் இன்னுஞ் சில ஆண்டிலே அவிந்துபோகும். சகாயிங் கப்பலைக்கூடக் கடற்படையினர் 2018இலே நீருக்குமேற் கொணர்ந்தனர். நம் மூத்தோர் நினைவை மேலே கொணர்வார் எவருமிலர்.

இவ்வாறு கூறுங்கால் மூன்று ஆட்சேபங்கள் எழுதல் கூடும்.

ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்பது முதலாவது. ஆறிய புண் என்பது தழும்பைத் தடவிப் பார்த்துப் பேசக்கூடிய புண். பேசவே அஞ்சுவது ஆறாத புண். எழுதி வைத்தல் பகை வளர்க்கும் என்போர், எழுதாதிருந்தபோது பகை குறைந்ததா என்று நோக்குதல் வேண்டும். எழுதப்படாத துன்பம் வாய்வழியே வளர்ந்து, எண்ணிக்கை மாறி, ஈற்றிலே எவர் கையிலும் ஆயுதமாகின்றது. நாளும் இடமும் சொன்னவர் நிலையுங் குறித்து எழுதப்பட்டதோ அளவோடு நிற்கின்றது.

இஃது ஒருபக்கச் சார்பாகும் என்பது இரண்டாவது. அவ்வாறாயின் அதுவுந் தவறே. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாளும் பலாலிக்கு அண்மையிலே அவ்ரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட, அவற்றில் இருந்த அனைவரும் மாண்டனர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். 2007 மார்ச் முதலாகப் புலிகளின் சிறு விமானங்களும் இரவில் வந்து குண்டெறிந்தன. 2008 ஓகஸ்ட் 26ஆம் நாள் இரவு நம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மேலும் எறிந்தன. வானத்தை நோக்கி அஞ்சுதல் இன்னாரின் உடைமை என்றில்லை. 2004 டிசம்பரிலே கடல் பொங்கி ஊரை விழுங்கியபோது, வெள்ளத்திற் சிக்குண்டோரைத் தூக்கியெடுக்கவும் உணவு கொண்டுசெல்லவும் வந்தவை அதே படையின் ஹெலிகொப்டர்களே. அவ்வோசை கேட்டுப் பழைய அச்சத்தால் ஒளிய ஓடியோரும், பின்னர் கையசைத்தோரும் ஒரே மக்களாக இருந்திருக்கலாம். இன்று சீனன்குடா அப்படையின் பயிற்சிக் கலாசாலையாயிருக்கின்றது. 2023 ஓகஸ்ட் 7ஆம் நாள் அங்கே பயிற்சி விமானமொன்று வீழ்ந்து அதிலிருந்த இருவரும் மாண்டனர். இவையும் எழுதப்படல் வேண்டும். நிலத்திலிருந்து எழுதும் சரித்திரத்தில் எல்லார்க்கும் இடமுண்டு. ஏனெனில் மேலே சென்றவரும் ஈற்றில் நிலத்துக்கே வருகின்றனர்.

விமானத்தை விரும்பும் இளைஞர் மனத்தைக் கெடுப்பதேன் என்பது மூன்றாவது. விமானத்தை விரும்புதல் குற்றமன்று. இறகின் வளைவு காற்றை எவ்வாறு கீழ்நோக்கித் தள்ளித் தான் மேலெழுகின்றது, ஜெட் எந்திரம் பின்னே உமிழும் காற்று எவ்வாறு முன்னே உந்துகின்றது என்றறியத் துடிக்கும் மாணவனை நான் மெச்சுகின்றேன். நம் கல்லூரி மாணாக்கருள் நாளை ஒருவன் விமானியாயினும் மகிழ்வேன். ஆயின் அவன் எழும்பும் ஓடுபாதையின் வரலாறு அறிந்து எழும்பட்டும். தன் கீழே தெரியும் ஓலைக்கூரை ஒரு வீடு என்பதை அறிந்தவன், அறியாதவனை விடச் சிறந்த விமானியாவான்.

இனிச் செய்யத்தக்கது யாது? பெருஞ் செலவு வேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியும் சில தடித்த குறிப்பேடுகளும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் வழங்கினாற் போதும். உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவர் இருவராகச் சென்று, சீனன்குடா, கப்பல்துறை, பாலையூற்று, தம்பலகாமம், வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர், சம்பூர் ஆகிய ஊர்களிலே மூத்தோரைக் கண்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதுக. சிங்கள முதியோர் சொல்வதைச் சிங்களத்திலேயே எழுதிப் பின்னர் மொழிபெயர்த்து வைக்குக. தளத்திலே முன்னாளிற் சமையலாளாகவும் தச்சராகவும் எழுதுவினைஞராகவும் கடமையாற்றியோர் உளராயின் அவரையும் நாடுக. தம் பெயர் வெளியிட விரும்பாதோர் பெயரை மறைத்திடுக. கேட்டதைக் கூட்டியும் எழுதற்க, குறைத்தும் எழுதற்க. வீரரசங் கலவாத உரைநடையே இதற்குப் போதும்.

அவ்வேட்டின் ஒரு பகுதி சொற்களுக்காகட்டும். சகடை, பொம்மர், வண்டு, பரா வெளிச்சம், பங்கர் என மக்கள் வாயிற் பிறந்தனவும் மருவினவுமான ஒவ்வொன்றையும், எவ்வூரில் எப்பொருளில் வழங்கிற்று என்று குறித்து வைக்குக. விஞ்ஞானம் பயில்வோர் அச்சொல் எவ்விமானத்தைக் குறித்தது, அதன் எந்திரம் யாது, அவ்வோசை ஏன் அவ்வாறிருந்தது என்று அருகே எழுதுக. தமிழ் பயில்வோர் சொல்லின் வேரை எழுதுக. அப்பொழுது மேலிருந்து எழுதிய சரித்திரமும் கீழிருந்து எழுதிய சரித்திரமும் ஒரே பக்கத்திற் சந்திக்கும். அத்தகைய நூலை அரசினரும் படையினரும் எழுதித் தருவர் என்று காத்திருத்தல் வீண். அஃது அவர்க்கு இயலாததுமாகும். அவர்கள் மேலே இருந்தனர்.

கல்லூரியொன்று விழாக் கொண்டாடுவது கட்டடங்களின் வயதை எண்ணுதற்கன்று. தன்னைச் சூழ்ந்த மக்களுக்குத் தான் யாது செய்தது என்று கணக்குப் பார்த்தற்கு. நம் கல்லூரி பட்டதாரிகளைத் தந்தது; வைத்தியரையும் எந்திரியரையும் தந்தது. தன் ஊரின் சரித்திரத்தையும் தருமாயின் அக்கணக்கு நிரம்பும். அடுத்த விழா மலர் வெளிவருமுன் அவ்வலுமாரியிலே ஓர் ஏடாவது நிறைந்திருத்தல் வேண்டும். கல்விச்சாலைப் பெயர்களோடு பிறந்த விமானப்படையின் முழுச் சரித்திரத்தை ஒரு கல்விச்சாலையே எழுதி முடித்தல் பொருத்தமுடையதன்றோ? பழைய மாணவர் சிந்திப்பாராக. இளைய மாணவர் எழுதுகோல் எடுப்பாராக.